அபிகேல் தண்ணீர் குடித்தாளா?

ஜனவரி 9, திங்கள்

ஆறாவது அம்மாள் முரண்டு பிடிக்கிறாள். அடிமை விடுதலைக்காரி, ஓட்டுரிமைக்காரி, சிறைச் சீர்திருத்தக்காரி, மதுவிலக்குக்காரி, சேரியில் பள்ளி நடத்தியவள் என்று ஐந்து அமெரிக்கப் பெண்மணிகளை ஆறு மாதத்தில் கரையேற்றிவிட்டேன். பிள்ளைகளுக்கான வாழ்க்கை வரலாறு, ஆளுக்கு நாற்பத்தெட்டுப் பக்கம், பெரிய எழுத்து, எட்டுப் படம். இந்த அபிகேல் தார்ன்டன் மட்டும் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறாள். நூற்பாலைகளில் வேலை பார்த்த சிறுமிகளுக்காக நாற்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பேசியவள். பெரியவளான பிறகு செய்ததெல்லாம் இருக்கிறது. சின்ன வயதில் என்ன செய்தாள் என்பதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

ஹபீபுல்லா பாய்க்குப் போன் போட்டேன். முத்துச்சிமிழ் பதிப்பகத்துக்கு முதலாளி, எடிட்டர், பார்சல் கட்டுகிற ஆள் எல்லாம் அவர்தான்.

"இளமைப் பருவம் இல்லாம எப்படிம்மா? 'விளையும் பயிர் முளையிலே'ன்னு ரெண்டாம் அத்தியாயத்துக்குத் தலைப்பே போட்டாச்சு. பத்துப் புத்தகத்துக்கும் அதே தலைப்பு. முளை இல்லேன்னா பிள்ளைக எதப் பாத்து வளரும்?"

பாய்க்கு முளை வேண்டுமாம். என்னிடம் இருப்பது நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று, அதிலும் கரையான் தின்றதுபோக மிச்சம்.

கிரைண்டர் மறுபடி சத்தம் போடுகிறது. ஆளை வரச்சொல்ல வேண்டும்.

ஜனவரி 19, வியாழன்

பொங்கல் பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். முளை வந்துவிட்டது. ஒரே மூச்சில் எழுதினேன்.

அபிகேலுக்குப் பன்னிரண்டு வயது. நன்றாகப் படிக்கிற அக்கா ஹன்னாவைப் பள்ளியை விட்டு நிறுத்தி ஆலைக்கு அனுப்ப அப்பா முடிவு செய்கிறார். அபிகேல் சாப்பாட்டைத் தொடுவதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. "அவளுடைய மௌனம் ஆயிரம் சொற்களைவிடப் பெரிதாக இருந்தது" என்று ஒரு வரி போட்டேன். தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். மூன்றாம் நாள் காலை அப்பா கண்ணீரோடு வந்து, பள்ளிப் பையைத் தன் கையாலேயே ஹன்னாவின் தோளில் மாட்டிவிடுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

இவர் ஆபீசிலிருந்து வந்து படித்துப் பார்த்துவிட்டு, "கரையான் தின்ன பக்கத்துலயா இது இருந்துச்சு?" என்றார். கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை என்று போகிற போக்கில் ஒரு பழமொழி வேறு. காபியைக் கொடுத்து வாயை அடைத்தேன்.

பிப்ரவரி 3, வெள்ளி

புரூப் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்க்கும் அபிகேலை ஓவியர் பெரிதாகப் போட்டுவிட்டார். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி மிஞ்சுகிறது.

"ஏதாச்சும் ஒரு வரியத் தூக்குங்கம்மா. படத்துல கைய வச்சா அவரு கோவிச்சுக்குவாரு" என்றார் பாய்.

"தண்ணீர் மட்டும் குடித்தாள்" என்பதை எடுத்தேன். மற்ற வரிகள் எல்லாம் நன்றாக இருந்தன, இதுதான் சப்பென்று இருந்தது.

மார்ச் 21, செவ்வாய்

புத்தகம் வந்துவிட்டது. அட்டை பச்சை. கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல் கிழித்தெடுக்கிற ஒரு போஸ்ட் கார்டு. "உன் கேள்வியை அபிகேலுக்கே எழுது!" இது பாயின் யோசனை. பிள்ளைகள் கதாநாயகிக்கு எழுதும், கதாநாயகி மதுரை அரசரடியில் உட்கார்ந்து பதில் எழுதுவாள். ஐந்து பெண்மணிகளின் கையெழுத்தும் எனக்கு இப்போது சரளமாக வருகிறது.

ஏப்ரல் 12, புதன்

கார்டுகள் இருபத்திரண்டு. உசிலம்பட்டிப் பையன் ஒருவன், "நீங்கள் இறந்து நூறு வருடம் ஆகிவிட்டது என்று முப்பதாம் பக்கத்தில் இருக்கிறது, பிறகு எப்படிப் பதில் போடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறான். இவன் வக்கீலுக்குப் போவான்.

பாதிப் பேர் மூன்று நாள் பட்டினியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் சைக்கிளுக்காகப் பட்டினி கிடந்து, மத்தியானம் பாயசம் வைத்ததும் தோற்றுப்போய்விட்டாளாம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வடமதுரைப் பக்கம் சின்னக்கோம்பையிலிருந்து ஏழாம் வகுப்பு அங்காளேஸ்வரி என்று ஒருத்தி: "மூன்றாம் நாள் அப்பா கட்டாயம் மனம் மாறுவாரா?"

"கட்டாயம் மாறுவார். உறுதி வேண்டும். உன் அபிகேல்" என்று எழுதிப் போட்டேன். குக்கர் அதற்குள் மூன்று விசில் அடித்துவிட்டது.

ஏப்ரல் 27, வியாழன்

வடகம் போட்டேன். காக்கை பாதி, நாங்கள் பாதி.

மே 10, புதன், பகல் ஒரு மணி

பாய் வேன் எடுத்துக்கொண்டு வருகிறார். அவர் வருவதற்குள் இதை எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பதினொன்றரைக்குக் கார்டு வந்தது. கடையில் வாங்கிய சாதாரணக் கார்டு. அப்படியே எழுதுகிறேன்.

"அன்புள்ள அபிகேல் அம்மாவுக்கு அங்காளேஸ்வரி எழுதுவது. உங்கள் பதில் கிடைத்தது. இன்று முதல் நாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. நீங்கள் செய்தது போலவே யாரிடமும் காரணம் சொல்லவில்லை, பேசவும் இல்லை. எங்கள் முத்துப்பேச்சி அக்காவுக்கும் எங்கள் வீரணன் மாமாவுக்கும் வருகிற 25ஆம் தேதி கல்யாணம். அக்காவுக்குப் பதினாறு வயது. பிளஸ் டூ போக வேண்டும் என்று அழுகிறது. எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் தண்ணீர் குடித்தீர்களா? புத்தகத்தில் இல்லை. உங்கள் பதில் வரும்வரை நான் குடிக்காமல் இருக்கிறேன்."

தேதி 8.5. திங்கட்கிழமை. இன்று புதன். வெளியே தார் உருகுகிற வெயில்.

பாய் அந்தப் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சரின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். டீச்சர் அந்த ஊரில் யாருக்கோ பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பயப்படாதீங்க மேடம், பிள்ளை நல்லாத்தான் இருக்காம். அக்கா கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு அங்காளம்மனுக்கு விரதம் இருக்காம். பேசா விரதம். ஊரே பெருமையாச் சொல்லுது."

கல்யாணத்தை நிறுத்தக் கிடக்கிற பிள்ளையைக் கல்யாணத்துக்காகக் கிடக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். காரணம் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தது யார்?

"டீச்சர், ஒரு மடக்குத் தண்ணியாச்சும் குடுக்கச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அதயும் சொன்னேன். விரதத்தக் கலைச்சா தெய்வக் குத்தமாயிரும்னு அவங்கம்மா அழறாங்க. நான் நூத்தியெட்டுக்குப் போன் பண்ணிட்டேன். நீங்க வாங்க."

ஹாரன் சத்தம். பாய் வந்துவிட்டார்.

மே 11, வியாழன்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுத முயற்சி செய்கிறேன்.

புத்தகக் கட்டுகளோடுதான் வேன் போனது. இறக்கிவைக்கக்கூட நேரமில்லை. வழியில் பாய் இரண்டு தடவை கேட்டார். "அந்த இங்கிலீஷ் புத்தகத்துல இருந்ததத்தான எழுதுனீங்க? நம்ம மேல தப்பில்லேல்ல?" நான் டீசல் இருக்கிறதா என்று கேட்டேன்.

சின்னக்கோம்பை போய்ச் சேர மூன்று மணி. வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஆனால் உள்ளே யாரையும் விடவில்லை. டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். "பிள்ளை மயக்கத்துல சாயுதுய்யா, கண்ணு சொருகுது, புரியலியா?"

ஒரு பெரியவர் கையை விரித்து வழிமறித்தார். "சாமி வந்த பிள்ளையத் தொடக் கூடாது தம்பி. அம்மன் எறங்கியிருக்கு."

உள்ளே குலவைச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஐயோ, நான் என்ன சொல்வேன். சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் வேப்பிலை மாலை, நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும், உதடு வெடித்துக் காய்ந்து கிடக்கிறது. பசி மயக்கத்தில் தலை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. அது ஆடுகிற ஒவ்வொரு தடவையும் பொம்பளைகள் குலவை போடுகிறார்கள். சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கைகூப்பி நிற்கிறார்கள். ஒருத்தி, தொலைந்த ஆட்டைப் பற்றிக் குறி கேட்கிறாள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் பிள்ளையின் முன்னால் குனிந்து, அதன் காலைத் தொட்டு, தட்டிலிருந்த திருநீற்றை அதன் கையில் வைத்து, அந்தக் கையாலேயே தன் நெற்றியில் பூசிக்கொண்டார். "கல்யாணம் தடையில்லாம நடக்கணும் தாயே" என்றார். பக்கத்தில் நின்றவளிடம் யாரென்று கேட்டேன்.

"அதான் மாப்ளை. தாய்மாமன் வீரணன். லோடு வேன் வச்சிருக்காப்ல."

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. பெரியவரின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டேன். பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். சுட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. சொன்னது இதுதான்.

"அங்காளேஸ்வரி, நான்தாம்மா அபிகேல். மதுரையிலருந்து வந்திருக்கேன். உன் கார்டு கெடச்சுச்சு. நான் தண்ணி குடிச்சேன். மூணு நாளும் குடிச்சேன். புத்தகத்துல விட்டுப்போச்சு."

கண் பாதி திறந்தது. என் சேலையை, மூக்குக் கண்ணாடியை, நரைத்த தலையைப் பார்த்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன கேட்டாள் என்று தெரிந்தது. குடிச்சீங்களா?

"குடிச்சேன். சத்தியமா."

ஆம்புலன்ஸ் பையன் எனக்குப் பின்னாலேயே வந்து பாட்டிலை நீட்டினான். "மெதுவா, கொஞ்சங் கொஞ்சமா" என்றான். பிள்ளை குடித்தது. குலவை நின்றுபோனது. ஆத்தாக்காரி தலையில் அடித்துக்கொண்டு, "யாருடி நீ, பாவி, எம்பிள்ளை விரதத்தக் கலைச்சிட்டியே" என்று என் முடியைப் பிடித்தாள். பிடிக்கட்டும் என்று இருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. "இன்னும் அரை நாள் போயிருந்தா கிட்னி போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அக்காவின் வயதைக் கேட்டுக் கலெக்டர் ஆபீசுக்கு அவரே போன் செய்தார்.

கிரைண்டர் ஆள் வந்துவிட்டுப் போனானாம். இவர் சொன்னார்.

மே 12, வெள்ளி

டிரிப்ஸ் ஏறுகிறது. காலையில் சிறுநீர் போனது. டாக்டரம்மா சிரித்தார், நான் அழுதேன்.

அக்கா முத்துப்பேச்சி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. தங்கச்சி தன் கல்யாணத்துக்குத்தான் விரதம் இருக்கிறாள் என்று நினைத்து இரண்டு நாள் அவளோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாளாம். இன்றைக்கு விஷயத்தை நான் சொன்னதும் பேயறைந்த மாதிரி என்னையே பார்த்தாள்.

மே 13, சனி

இத்தனை நாள் இந்த நோட்டில்கூட எழுதாததை எழுதுகிறேன். அபிகேலின் சின்ன வயதைப் பற்றி ஒன்றுமே கிடைக்கவில்லை என்று ஜனவரியில் எழுதினேனே, அது பொய். கிடைத்தது. கரையான் தொடாத பக்கத்தில், அவளே பேசிய ஒரு கூட்டத்துப் பேச்சில் இருந்தது. பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று நானாகவே ஒதுக்கிவிட்டு, என் இஷ்டத்துக்கு ஒன்றைக் கட்டினேன். பாயிடமும் சொல்லவில்லை.

இன்று காலை அங்காளேஸ்வரிக்குப் பேச்சு வந்தது. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "நீங்க அபிகேல் இல்ல."

"இல்லம்மா. என் பேரு வசுமதி. அந்தப் புத்தகத்த எழுதுனவ."

"கார்டுல உன் அபிகேல்னு போட்டிருந்துச்சு."

"அதுவும் நான்தான்."

"எங்கப்பா மூணாம் நாளும் மாறலியே. நீங்க கட்டாயம்னு எழுதுனீங்களே" என்றாள். அவள் கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

சொல்லிவிட்டேன். அபிகேல் பட்டினி கிடக்கவே இல்லை. அவள் அப்பா அழவும் இல்லை, பையை மாட்டவும் இல்லை. அக்கா ஹன்னா ஆலைக்குப் போனாள், நான்கு வருஷத்தில் பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்துச் செத்துப்போனாள். அபிகேல் சொன்னது இதுதான்: "அக்காவை அனுப்பிய அன்று இரவு நான் வயிறாரச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் ரொட்டி கேட்டு வாங்கினேன். எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்று பேசாததைத்தான் நாற்பது வருஷமாக உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறேன்."

"நெசமாவே சாப்டாங்களா?"

"சாப்டாங்க."

"ரெண்டு தடவ வாங்கி?"

"ஆமா."

பிள்ளை திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா கையில் இட்லிக் கிண்ணம் இருந்தது. வாங்கி ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, மென்றுகொண்டே, "அப்பா" என்று கூப்பிட்டாள். ஐந்து நாள் கழித்து வீட்டார் கேட்கிற அவள் குரல். வராந்தாவிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஓடி வந்தார்கள், பின்னாலேயே வீரணனும்.

"அக்காவுக்குக் கல்யாணம் வேணாம்ப்பா. அது படிக்கட்டும். அதுக்குத்தான் சாப்பிடல. சாமிக்கு இல்ல."

ஆத்தாக்காரிதான், "இத வாயத் தொறந்து சொல்லிருக்கலாமேடி, இந்தக் கோலத்துல கெடக்கணுமா?" என்று அழுதாள்.

"சொன்னா அப்பா அடிக்கும்."

அப்பாக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். என் புத்தகத்து அப்பா மாதிரி கண்ணீர் விடவில்லை. பொண்ணு ஊரறிய மானத்தை வாங்கிவிட்டாள் என்பதுதான் முகத்தில் இருந்தது. நிச்சயம் பண்ணியாச்சு, பத்திரிகை கொடுத்தாச்சு, என்ன ஆனாலும் நடக்கும் என்று முனகினார். பதினெட்டு ஆகாமல் நடத்தினால் கேஸாகும் என்று டாக்டரம்மா சொன்னபோதும் தலையைத் தூக்கவில்லை.

வீரணன்தான் பேசினார். முகம் வெளுத்திருந்தது. தன் நெற்றியை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார், மூன்று நாள் ஆகியும் அங்கே திருநீறு இருப்பதுபோல.

"மச்சான், நான் இந்தப் பிள்ளை காலத் தொட்டேன். என்னய வேணாம்னு உசுரக் குடுக்கக் கெடந்த பிள்ளைட்டப் போயி, நல்லா நடக்கணும்னு கேட்டேன். இதுக்குமேல நான் எப்பிடித் தாலி கட்டுவேன்? எனக்கு வேணாம். மண்டபத்துக்கு நானே சொல்லிக்கிறேன்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முத்துப்பேச்சி முகத்தைக் கட்டிலில் புதைத்துக்கொண்டாள்.

மே 15, திங்கள்

கலெக்டர் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, பதினெட்டு முடியாமல் கல்யாணம் இல்லை என்று அப்பாவிடம் எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டார், அவர்களைப் பார்க்காமலே. பிள்ளையை நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

நான் விடைபெறப் போனேன். பாயும் கூட வந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியாயிற்று. அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அது நியாயம்தான். அபிகேல் புத்தகத்தைத் திரும்பப் பெற்று, உள்ளதை உள்ளபடி எழுதிப் போடுவது என்று முடிவு. மன்னிப்புக் கேட்டேன். அங்காளேஸ்வரி அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. அவளுக்கு வேறு கேள்வி இருந்தது.

"மத்த அஞ்சு புத்தகமும் நெசந்தான?"

பாய் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எங்க தெரு ரஞ்சிதா லீவுக்கு மூணாவது புத்தகம் எடுத்துட்டுப் போயிருக்கா. ஜெயில் அம்மாவோடது. அதுல அவங்க சின்னப் பிள்ளையா இருக்கறப்போ, கெணத்துல விழுந்த குழந்தையக் குதிச்சுக் காப்பாத்துவாங்கல்ல? நீச்சலே தெரியாம. ரஞ்சிதாவுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்." பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அன்பு தெரியும். அன்பு அவளை மூழ்க விடவில்லை."

என் வரிகள். போன ஆகஸ்டில் எழுதினேன், நன்றாக வந்திருக்கிறது என்று இவரிடம் படித்துக்கூடக் காட்டினேன்.

"அது நெசந்தான?" என்று மறுபடி கேட்டாள்.

"இல்ல."

"அஞ்சும்?"

"அஞ்சும்."

பாய் வெளியே ஓடினார், புத்தகம் போன பள்ளிக்கூடங்களின் பட்டியல் வேனில்தான் இருக்கிறது. அங்காளேஸ்வரி எழுந்து உட்கார்ந்து, ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவிடம் போனை வாங்கி நம்பரைப் போட்டாள்.

"ரஞ்சிதா, நான்தான். நல்லாருக்கேன். அத விடு. நீ எங்க இருக்க? கெணத்துப் பக்கம் போயிராத, அந்தப் புத்தகம் பொய்யி."